ஜெபம் யாருக்குன்னு சண்டை போடுறோம், சீட்டு யாருக்குன்னு யாரும் கேக்கல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தூத்துக்குடியில ஒரு கத்தோலிக்க கான்வென்ட்ல என் மக படிக்கிறா, இங்கிலீஷ் மீடியம். அதே காம்பவுண்டுக்குள்ள தமிழ் மீடியத்துல படிச்சவ நான். ஸ்கூல் பேரை எழுதல, எழுதவும் வேண்டாம், பாளையங்கோட்டையில இருக்கிற என் அக்கா வீட்லயும் திண்டுக்கல்ல இருக்கிற சித்தி வீட்லயும் ஸ்கூல்ல ஜெபம் யாருக்குங்கிற இதே பேச்சுதான் ஓடுது, ஊரு பேரு மட்டும்தான் வேற. உங்க பேப்பர்ல நீட் பத்தி கடிதம் வருது, மும்மொழி பத்தி வருது, ஆனா இந்த மாதிரி ஸ்கூல்கள்ல பெத்தவங்களுக்குள்ள நடக்கிற இந்தப் பிரச்சனையப் பத்தி யாரும் எழுதி நான் பாக்கல, அதனால நானே எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், வெட்டாம போட்டா சந்தோஷம்.

பிரச்சனை ஆரம்பிச்சது காலை அசெம்பிளியில. எங்க காலத்துல பெல் அடிச்சதும் பரலோக மந்திரம், அருள் நிறைந்த மரியே, அப்புறம் தமிழ்த்தாய் வாழ்த்து, குறள், செய்தி வாசிப்பு, அவ்வளவுதான், எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்தே சொல்லுவோம், இந்து முஸ்லிம்னு யாரும் தனியா நிக்கல. இப்போ அரசியல் சாசன முகப்புரை வாசிக்கிறாங்க, ஒரு பொதுவான பாட்டு, ஒரு நிமிஷம் மௌனம். ஜெபம், ஜெபமாலை எல்லாம் கத்தோலிக்கப் பிள்ளைகளை மட்டும் வெள்ளிக்கிழமை தனியா கூப்பிட்டு வச்சுக்கிறாங்க. மாசத்தோட முதல் வெள்ளிக்கிழமை பூசைக்கும் விருப்பப்பட்டவங்க வந்தா போதும்னு ஆயிடுச்சு. இந்த மாற்றம் வந்ததுல இருந்து பெத்தவங்க வாட்ஸ்அப் குரூப் பத்திக்கிட்டு எரியுது, பெத்தவங்க-டீச்சர் சங்க (பிடிஏ) மீட்டிங்ல ஒருத்தர் பேச ஒருத்தர் எழுந்து நிக்க, கடைசியில ஹெச்எம் சிஸ்டர் மைக்கை வாங்கி முடிச்சு வச்சாங்க.

முதல்ல எங்க ஆளுங்க சொல்றதைச் சொல்றேன், நானும் கத்தோலிக்கதான். "நம்ம முன்னோர் கட்டின பள்ளிக்கூடத்துல நம்ம ஜெபத்தை ஒளிஞ்சு சொல்லணுமா"ன்னு ஒரு அண்ணன் கேட்டாரு, அவரு குரல் நடுங்கிச்சு, நான் அதை லேசா எடுத்துக்க மாட்டேன். அந்த வலிக்குக் காரணம் அசெம்பிளி மட்டும் இல்ல. முன்ன ஒவ்வொரு வகுப்புக்கும் ஏதாவது ஒரு பாடத்துக்காவது ஒரு சிஸ்டர் வருவாங்க, இப்போ சிஸ்டர்ஸை ஆபீஸ்லயும் கேட்லயும்தான் பாக்க முடியுது, மடத்துக்குச் சேர்ற பொண்ணுங்க குறைஞ்சிட்டாங்க. டீச்சர்ஸ்ல பாதிப் பேருக்கு மேல மத்த மதத்தவங்க. கேட்டகிசம் நடத்த ஆள் இல்லாம ஞாயித்துக்கிழமை மறைக்கல்விக்கு வர்ற பங்கு டீச்சரையே கூப்பிடுறாங்க. பிள்ளைக்கு புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கித் தர்ற வயசுல ஸ்கூல்ல ஒண்ணும் சொல்லித்தரல, எல்லாத்தையும் அன்பியத்துலயும் (பங்குல அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கிற குழு) வீட்லயும் பாத்துக்கணும்னா எதுக்கு கத்தோலிக்க ஸ்கூல்னு கேக்கிறாங்க. நியாயமான கேள்வி.

அப்புறம் அவங்க சொல்ற ரெண்டாவது விஷயம், நம்ம பிள்ளைகளுக்கே சீட் கிடைக்கல. எல்கேஜி அட்மிஷனுக்கு பங்குத்தந்தை லெட்டர் வாங்கிட்டுப் போனா முன்னாடி அதுக்கு ஒரு மதிப்பு இருந்துச்சு, இப்போ அப்ளிகேஷன் ஆன்லைன்ல, பிறகு இன்டர்வியூ, அப்பா அம்மா ரெண்டு பேரும் டிகிரியான்னு பாக்கிறாங்கன்னு பேச்சு. பாக்கிறாங்களா இல்லையான்னு நான் சாட்சி சொல்ல முடியாது. ஆனா யாரு உள்ள வர்றாங்கன்னு சாயங்காலம் கேட்டுக்கு வெளிய நிக்கிற வண்டியப் பாத்தாலே தெரியும்.

மத்த மதத்துப் பெத்தவங்க எல்லாரும் ஒரே மாதிரி பேசுறாங்கன்னு நினைக்காதீங்க. ஒரு தரப்பு, பெரும்பாலும் வெளியூர்ல இருந்து வேலைக்கு வந்தவங்க, துறைமுகம், அனல்மின் நிலையம், இப்போ 2025 ஆகஸ்டுல திறந்த வின்ஃபாஸ்ட் கார் பேக்டரி, இப்படி ஊரு மாறிக்கிட்டே இருக்குல்ல, அவங்க சொல்றது நாங்க இங்கிலீஷுக்கும் ஒழுக்கத்துக்கும் வந்தோம், பீஸ் கட்டுறோம், எங்க பிள்ளைக்கு மத விஷயம் வேண்டாம்னு. இதுல தப்பு என்ன இருக்கு? அரசியல் சாசனம் 28-வது பிரிவோட மூணாவது உட்பிரிவே அதைத்தான் சொல்லுது, அரசு அங்கீகாரம் வாங்கின இல்ல அரசுப் பணம் வாங்குற எந்தக் கல்வி நிறுவனத்துலயும் மதப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, சின்னப் பிள்ளையா இருந்தா பெத்தவங்க சம்மதம் வேணும். இது சிஸ்டர்ஸ் மனசு வச்சுக் குடுக்கிற சலுகை கிடையாது, சட்டம்.

இன்னொரு தரப்பு இருக்கு, அவங்களை யாரும் கணக்குல எடுக்கிறதே இல்ல. என் கூடப் படிச்ச ஒருத்தி, சிவன் கோயில் தெருக்காரி, மீட்டிங்ல எழுந்து கேட்டா, "நானும் இங்கதான் படிச்சேன், அருள் நிறைந்த மரியே மனப்பாடமா தெரியும், தினமும் விளக்கேத்துறதையும் நான் விடல, எம்பிள்ளைக்கு மட்டும் ஏன் அந்த ஜெபம் வேண்டாம்னு நீங்களா முடிவு பண்ணுதீங்க?" இந்த ஊர்ல வளந்தவங்களுக்கு அவ சொல்றது புரியும். ஜூலை 26 பனிமய மாதா கோயில்ல கொடி ஏறினா ஆகஸ்ட் 5 வரைக்கும் யாரு எந்த மதம்னு பாத்தா கூட்டத்துல நடக்க முடியாது, மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுறாங்க. அந்த வழக்கத்துல வளந்தவ அவ. அவளுக்குப் பக்கத்துல காயல்பட்டினத்துல இருந்து வந்து இங்க கடை வச்சிருக்கிற ஒரு பாய் உக்காந்திருந்தாரு, ஜெபத்தைப் பத்தி அவருக்கு ஒரு கருத்தும் இல்ல, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பெரிய பையனை ஒரு மணி நேரம் விட்டா போதும்னாரு. சிஸ்டர் உடனே சரின்னாங்க. அந்த மீட்டிங்ல முடிஞ்ச ஒரே விஷயம் அதுதான்.

ஸ்கூல் தரப்பு நியாயத்தையும் சொல்லணும். இந்த மாற்றம் எங்க சிஸ்டர் தானா யோசிச்சுப் பண்ணினது இல்ல. 2024 பிப்ரவரியில அசாம்ல ஒரு அமைப்பு, மிஷனரி ஸ்கூல்கள்ல இருக்கிற சிலுவை, சுரூபம் எல்லாத்தையும் எடுக்கணும், சிஸ்டர்ஸ் ஃபாதர்ஸ் அவங்க உடுப்புல வரக்கூடாதுன்னு கெடு வச்சது ஞாபகம் இருக்கும். அது மாதிரி சம்பவங்களுக்குப் பின்னாடி அதே வருஷம் ஏப்ரல்ல இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை தன்னோட ஸ்கூல்களுக்கு வழிகாட்டுதல் விட்டாங்க. அசெம்பிளியில முகப்புரை வாசிங்க, வாசல்ல அதை மாட்டுங்க, எல்லா மதத்தையும் மதிங்க, மத்த மதத்துப் பிள்ளைகள் மேல நம்ம வழக்கத்தைத் திணிக்காதீங்க, முடிஞ்சா எல்லா மதத்தவங்களுக்கும் ஒரு பிரார்த்தனை அறை வைங்கன்னு அதுல இருக்கு. நாடு முழுக்க ஆயர் பேரவைக்குக் கீழ சுமார் 14,000 ஸ்கூல் இருக்கு, எல்லாத்துக்கும் சேர்த்துப் போட்டது. பயத்துல வந்ததா, நல்ல மனசுல வந்ததான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, என்னைக் கேட்டா ரெண்டும் கலந்துதான் இருக்கும், ஆனா அதுல எழுதியிருக்கிறது சரியான விஷயம்.

இதுவரைக்கும் நான் சொன்னது எல்லாரும் பேசுறது. இனிமே சொல்லப்போறதுக்குத்தான் இந்த லெட்டரே.

ஸ்கூல் மாறிடுச்சு, மாறிடுச்சுன்னு ரெண்டு தரப்பும் சொல்லுதே, என்ன மாறுச்சுன்னு கேட்டா எல்லாரும் மதத்தைத்தான் சொல்றாங்க, முன்ன இவ்வளவு கத்தோலிக்கப் பிள்ளைகள் இருந்தாங்க, இப்போ இவ்வளவுன்னு. நான் படிச்சப்போ என் பெஞ்சுல உக்காந்திருந்தவங்க யாருன்னு யோசிச்சுப் பாக்கிறேன். ஒருத்தி அப்பா விசைப்படகுல கூலி, ஒருத்தி அம்மா உப்பளத்துல வாருறவங்க, ஒருத்தி வீட்ல சைக்கிள் கடை, ஒருத்தி அப்பா துறைமுகத்துல மூட்டை தூக்கினவரு, டாக்டர் வீட்டுப் பொண்ணு ஒருத்தியும் அதே வகுப்புல இருந்தா. இப்போ என் மக வகுப்புல எல்லா மதமும் இருக்கு, கத்தோலிக்கப் பிள்ளைகளும் போதுமான அளவு இருக்காங்க, ஆனா படகுக்குப் போறவங்க பிள்ளை ஒண்ணு கூட இல்ல. உப்பளத்துக்குப் போறவங்க பிள்ளை இல்ல. ஆட்டோ ஓட்டுறவங்க பிள்ளைன்னா அது சொந்தமா ரெண்டு மூணு வண்டி வாடகைக்கு விடுறவங்க பிள்ளை. இதைப் பத்தி அந்த மீட்டிங்ல ஒருத்தரும் வாயைத் திறக்கல. எப்படித் திறப்பாங்க, ஸ்கூலை விட்டுப் போனவங்க குரூப்லயே இல்லையே, மீட்டிங் வைக்கிறது வேலை நாள் மத்தியானம் மூணு மணிக்கு, அந்த நேரத்துல கடல்ல இருக்கிறவரு எப்படி வருவாரு.

2021-ல தேசிய குழந்தைகள் உரிமை ஆணையம் சிறுபான்மை ஸ்கூல்களைப் பத்தி ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. எந்த நோக்கத்துல எழுதினாங்கங்கிறதுல எனக்கு நிறைய கேள்வி உண்டு, ஆனா நம்பரைப் பாருங்க. கிறிஸ்தவ ஸ்கூல்கள்ல படிக்கிற பிள்ளைகள்ல 74 சதவீதம் சிறுபான்மையைச் சேராதவங்க. இதை மட்டும் எடுத்துக்கிட்டு எங்க ஆளுங்க ஒரு பக்கம் வருத்தப்படுறாங்க, இன்னொரு பக்கம் டிவியில அப்போ எதுக்கு இவங்களுக்கு சிறுபான்மை உரிமைன்னு கத்துறாங்க. அதே அறிக்கையில இன்னொரு நம்பர் இருக்கு, எல்லா மத சிறுபான்மை ஸ்கூல்களையும் சேர்த்து, சமூகத்துலயும் பொருளாதாரத்துலயும் பின்தங்கின வீட்டுப் பிள்ளைகள் 8.76 சதவீதம்தான். எனக்கு ராத்திரி தூக்கம் வராம பண்ணினது இந்த நம்பர்தான்.

இந்தக் கடற்கரையில ஸ்கூல் எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் நினைச்சுப் பாக்கணும். 1542-ல புனித பிரான்சிஸ் சவேரியார் மறைபரப்ப இங்க வந்தப்போ தெருவுல மணியடிச்சுக்கிட்டுப் போயி கூட்டினது முத்துக் குளிக்கிறவங்க வீட்டுப் பிள்ளைகளைத்தான். அவருக்குப் பின்னாடி வந்த அண்ட்ரீக் அடிகளார் தமிழ் படிச்சு, 1578-ல கொல்லத்துல தம்பிரான் வணக்கத்தை அச்சடிச்சாரு, இந்தியாவுல தமிழ் எழுத்துல அச்சான முதல் புத்தகம் அது, அதுக்குக் காசு குடுத்தது இந்தக் கரையில இருந்த பரதவர் சனங்க. பின்னாடியும் கடற்கரை ஊர்கள்ல மீன்பாட்டுல, அதாவது பிடிச்ச மீன்ல, ஒரு பங்கு கோயிலுக்குன்னு எடுத்து வைக்கிற வழக்கம் இருந்துச்சு, எங்க தாத்தா காலத்து ஆளுங்க சொல்லுவாங்க, கோயிலும் பள்ளிக்கூடமும் எழும்பினதுல அந்தக் காசு இருக்குன்னு. "நம்ம முன்னோர் கட்டின பள்ளிக்கூடம்"னு அந்த அண்ணன் சொன்னது உண்மைதான். அந்த முன்னோரோட பேரப்பிள்ளைகள்ல காசு உள்ளவங்க மட்டும் உள்ள இருக்கோம், காசு இல்லாதவங்க வெளிய நிக்கிறாங்க, அதை ஏன் அவரு சொல்லல?

எப்படி வெளிய போனாங்கங்கிறதையும் சொல்றேன், யாரும் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளல. தமிழ்நாட்டுல 1991-92 கல்வியாண்டுக்கு அப்புறம் ஆரம்பிச்ச ஸ்கூலுக்கும் வகுப்புக்கும் அரசு மானியம் குடுக்கிறது இல்ல. அதனால பழைய தமிழ் மீடியம் வகுப்புகளுக்கு மட்டும் டீச்சர் சம்பளம் அரசு குடுக்கும், பீஸ் கிடையாது, புத்தகம், சத்துணவு எல்லாம் உண்டு. பின்னாடி ஆரம்பிச்ச இங்கிலீஷ் மீடியம் முழுக்க பீஸ்ல ஓடுது. எல்லாப் பெத்தவங்களுக்கும் இங்கிலீஷ் மீடியம் வேணும், சேர்க்க முடிஞ்சவங்க அங்க சேர்த்தாங்க, தமிழ் மீடியம் மெலிஞ்சுக்கிட்டே வந்துச்சு, பிள்ளைகள் குறைஞ்சா டீச்சர் போஸ்ட் போகும், போஸ்ட் போனா இன்னும் பிள்ளைகள் குறையும். நான் படிச்ச வகுப்பறையில இப்போ கம்ப்யூட்டர் லேப். கொஞ்சம் பிள்ளைகள் இன்னும் தமிழ் மீடியத்துல இருக்காங்க, அவங்க வர்ற கேட் வேற, யூனிபார்ம் வேற, ஆண்டு விழாவும் வேற நாள்ல. ஒரே காம்பவுண்டு, ஒரே மாதா கெபி (மாதா சுரூபம் வச்ச குகை), ஆனா என் மகளுக்கு அந்தப் பக்கத்துல ஒரு பிள்ளை பேரு கூட தெரியாது. ஒரு வீட்ல ரெண்டு அடுப்பு எரியுற மாதிரி இருக்கு, இதை எந்த ஜெபம் ஒண்ணாக்கும்?

தமிழ் மீடியம் பக்கம் அரசு கொஞ்சம் கொஞ்சமா கை குடுத்துக்கிட்டுதான் இருக்கு. அரசு உதவி பெறும் ஸ்கூல்ல ஆறுல இருந்து பன்னெண்டு வரை தமிழ் வழியில படிச்ச பொண்ணுங்களுக்கும் காலேஜ் போனா மாசம் 1,000 ரூபா புதுமைப் பெண் திட்டம்னு 2024 டிசம்பர் 30-ந் தேதி நம்ம தூத்துக்குடியிலதான் தொடங்கி வச்சாங்க. காலைச் சிற்றுண்டியும் உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துடுச்சு, 2024-ல கிராமத்துக்கு, 2025 ஆகஸ்டுல டவுனுக்கு, சென்னை மயிலாப்பூர்ல தொடங்கினதே ஒரு புனித சூசையப்பர் ஸ்கூல்ல. இவ்வளவு இருக்கையில தமிழ் மீடியம் வேஸ்ட், மூடிட்டு முழுசா சிபிஎஸ்இ ஆக்கிடலாம்னு குரூப்ல ஒருத்தர் ஐடியா சொல்றாரு, அதுக்கு நாப்பது தம்ஸ்அப். ஜெபம் வேணும்னு சொன்னவங்களும் அதுல போட்டிருக்காங்க, வேண்டாம்னு சொன்னவங்களும் போட்டிருக்காங்க. இதுல மட்டும் ரெண்டு தரப்புக்கும் சண்டையே இல்ல.

இங்கிலீஷ் மீடியம் பீஸ் எப்படி ஒரு படகுக்காரன் வீட்டை வடிகட்டுதுன்னு கடற்கரையில இல்லாதவங்களுக்குத் தெரியாது, அதனால விவரமா சொல்றேன். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. கூலிக்கும் பங்குக்கும் போறவங்களுக்கு அந்த ரெண்டு மாசம் வருமானம் நின்னுடும். அரசு நிவாரணம் 8,000 ரூபா, 2023-ல கூட்டினதுக்கு அப்புறம். ஸ்கூல் அட்மிஷன் எப்போ? ஏப்ரல், மே. புத்தகம், யூனிபார்ம், ஷூ, முதல் டேர்ம் பீஸ் எப்போ? ஜூன் முதல் வாரம். வலை பின்னுறதும் படகுக்கு மராமத்து பாக்கிறதும் அதே நேரம், அதுக்கும் கடன் வாங்கணும். வருஷத்துல கையில காசே இல்லாத மாசமாப் பாத்து முழுப் பீஸையும் கேட்டா எப்படிக் கட்டுவாங்க? உப்பளத்துக்காரங்களுக்கு இது தலைகீழ், அவங்களுக்கு மழை மாசம்தான் பஞ்சம், அக்டோபர் டிசம்பர்ல வேலை இல்லைன்னு அரசே 5,000 ரூபா நிவாரணம் குடுக்குது, ரெண்டாவது டேர்ம் பீஸ் அந்த நேரத்துலதான் வந்து நிக்குது. எங்க தெருவுல ஒரு வீடு, அவங்க பையன் நல்லா படிக்கிறவன், ரெண்டு வருஷம் லேட் ஃபைன் கட்டிக் கட்டிப் பாத்துட்டு டிசி வாங்கிட்டாங்க. சிஸ்டர் கெட்டவங்க இல்ல, கேட்டிருந்தா டைம் குடுத்திருப்பாங்க. ஆனா ஒவ்வொரு டேர்முக்கும் ஆபீஸ் வாசல்ல நின்னு கேக்கிறது எவ்வளவு கஷ்டம்னு நின்னவங்களுக்குத் தெரியும், அந்த அம்மாவுக்கு அது முடியல.

சட்டத்துல வழி இல்லையான்னு கேப்பீங்க. தனியார் ஸ்கூல்ல ஆரம்ப வகுப்புல 25 சதவீதம் ஏழைப் பிள்ளைகளுக்குக் குடுக்கணும்னு 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது, ஆனா 2014-ல உச்ச நீதிமன்றம் சிறுபான்மை ஸ்கூல்களுக்கு அந்தச் சட்டமே பொருந்தாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு, சிறுபான்மையினர் தங்க கல்வி நிறுவனத்தைத் தாங்களே தொடங்கி நடத்தலாம்கிற அரசியல் சாசன 30-வது பிரிவு உரிமையை வச்சு. 2025 செப்டம்பர்ல ரெண்டு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பு சரியான்னு சந்தேகம் எழுப்பி பெரிய அமர்வு பாக்கணும்னு அனுப்பியிருக்காங்க. நான் 30-வது பிரிவுக்கு எதிரி இல்ல. அந்த உரிமை இல்லைன்னா இன்னைக்கு இருக்கிற நிலைமையில எங்க ஸ்கூல்கள் பாதி இருக்காது, கோர்ட்டுல அதைக் காப்பாத்தத்தான் வேணும். அரசு நடத்துற 25 சதவீதமும் ஒழுங்கா நடக்குதான்னா அதுவும் இல்ல, 2025-ல மத்திய அரசு நிதி வரலன்னு ஜூன்ல முடிய வேண்டிய அட்மிஷன் அக்டோபருக்குப் போச்சு. ஆனா சட்டம் கட்டாயப்படுத்தலைங்கிறதால ஒரு கத்தோலிக்க ஸ்கூல் ஏழைப் பிள்ளைக்கு இடம் குடுக்கக் கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு? கட்டாயம் இல்லாத இடத்துல தானா செய்யறதுதானே நாங்க பூசையில கேக்கிற நற்செய்தி?

திருச்சபை என்ன சொல்லுதுன்னும் பாத்தேன். 1965-ல இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பத்தி வெளியிட்ட அறிக்கையில, கத்தோலிக்க ஸ்கூல்கள் முக்கியமா யாரைப் பாத்துக்கணும்னு ஒரு வரி வருது: பொருள் இல்லாத ஏழைகள், குடும்பத்தோட அரவணைப்பு இல்லாதவங்க, விசுவாசம் அறியாதவங்க. மூணு பேரும் ஒரே வரியில. அப்போ மத்த மதத்துப் பிள்ளைகள் நம்ம ஸ்கூலை நிறைச்சிட்டாங்கன்னு எங்க ஆளுங்க குறை சொல்றதுக்கு இடமில்ல, அவங்க இருக்க வேண்டியவங்கதான். அதே மாதிரி எல்லா மதத்தவங்களுக்கும் நாங்க திறந்து வச்சிருக்கோம்னு ஸ்கூல் பெருமைப்படுறதும் பாதிதான் சரி, அந்த வரியில முதல்ல வர்றவங்களை விட்டுட்டோமே.

சிஸ்டர்ஸ் பக்கத்துக் கஷ்டம் எனக்குத் தெரியும். இங்கிலீஷ் மீடியம் டீச்சர் சம்பளம் பீஸ்லதான் போகுது, அரசு கமிட்டி நிர்ணயிச்ச பீஸுக்கு மேல வாங்கவும் முடியாது, வெளிநாட்டுல இருந்து வந்த உதவியெல்லாம் குறைஞ்சு போச்சு, கட்டடம் பழசு, பஸ்ஸுக்கு எஃப்சி, எல்லாம் செலவு. பத்துப் பிள்ளைக்குப் பீஸ் குறைச்சா மத்தவங்க தலையில ஏத்தணும்னு கேக்கிறாங்க. சரி, ஏத்துங்க, நான் கட்டுறேன். முடிஞ்சவங்க மாசம் கொஞ்சம் கூடக் கட்டுறதுல என்ன குறைஞ்சு போயிடுவோம், பர்த்டேக்கு வகுப்பு முழுக்க ரிட்டர்ன் கிஃப்ட் குடுக்கிற செலவே அதை விட ஜாஸ்தி. வெளிநாட்டுல, சென்னையில இருக்கிற பழைய மாணவிகள் எத்தனையோ பேரு, ரீயூனியனுக்கு ஹோட்டல் ஹால் எடுக்கிறோம், ஒரு பிள்ளைய நம்மளால படிக்க வைக்க முடியாதா?

இன்னொண்ணு சொல்லணும், இது எனக்கு ரொம்பக் கோவம் வந்த விஷயம். மீட்டிங் முடிஞ்சு வெளிய வரும்போது ரெண்டு அம்மாக்கள் பேசிக்கிட்டாங்க, ஒருத்தங்க கத்தோலிக்க, ஒருத்தங்க இந்து, அந்த மாதிரி பிள்ளைகளைச் சேர்த்தா பேச்சு வழக்கு கெட்டுப் போகும், ஸ்டாண்டர்டு குறையும்னு. நான் அந்த மாதிரி பிள்ளையா இருந்தவ. என் அப்பா படகுக்குப் போனவரு. எனக்கு ஏ பி சி டி சொல்லிக் குடுத்த சிஸ்டருக்கு என் பேச்சு ஒரு தொந்தரவா இருந்ததே இல்ல, வகுப்புல டாக்டர் வீட்டுப் பொண்ணும் நானும் ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிட்டோம், அவ எங்க வீட்டு நெத்திலிக் கருவாட்டுக்கு அடிச்சுக்குவா, அவ ஸ்டாண்டர்டு ஒண்ணும் குறையல, இன்னைக்கு அவளும் டாக்டர்.

ஜெபத்துக்கு வழி இருக்கு, ரொம்பச் சுலபமான வழி, அதுக்கு இவ்வளவு சண்டையே தேவையில்ல. அட்மிஷன் அப்போ ஒரு படிவம் குடுங்க, என் பிள்ளை ஜெபத்துல கலந்துக்கலாம், வேண்டாம், ரெண்டுல ஒண்ணு, பெத்தவங்க கையெழுத்து. கலந்துக்காத பிள்ளை அந்த நேரத்துல லைப்ரரியில உக்காரட்டும், யாரும் அதை ஒரு மாதிரி பாக்கக் கூடாது. முகப்புரை எல்லாருக்கும். என் கூடப் படிச்சவளோட மகளும் அருள் நிறைந்த மரியே சொல்லலாம், வெளியூர்ல இருந்து வந்தவரோட பையன் சொல்லாம இருக்கலாம். எங்க பிள்ளைகளுக்கு கேட்டகிசம் ஒழுங்கா நடக்கணும், அதுக்கு ஆள் இல்லைன்னா நாங்க அம்மாக்களே பங்குல பயிற்சி எடுத்துட்டு வந்து நடத்துறோம், நான் முதல் ஆளா பேரு குடுக்கிறேன்.

கஷ்டமான வேலை அட்மிஷன்தான். எல்கேஜியில ஒவ்வொரு வருஷமும் கால்வாசி சீட்டு கடலுக்கும் உப்பளத்துக்கும் கூலி வேலைக்கும் போறவங்க பிள்ளைகளுக்குன்னு ஸ்கூலே தானா ஒதுக்கணும், எந்த மதமா இருந்தாலும். இன்டர்வியூவுல பெத்தவங்க படிப்பைக் கேக்கக் கூடாது. படகுக்காரங்களுக்கு முதல் தவணை ஆகஸ்ட்ல, உப்பளத்துக்காரங்களுக்கு ரெண்டாவது தவணை பிப்ரவரியில, இதை யாரும் போயி கெஞ்சாம ரூலாவே போடணும். தமிழ் மீடியத்தை மூடக் கூடாது, ரெண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஆண்டு விழா, விளையாட்டு, அசெம்பிளி ஒண்ணா இருக்கணும். பிடிஏ மீட்டிங் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வைக்கணும்.

இதையெல்லாம் ஒரு மனுவா எழுதி நாங்க கொஞ்சம் அம்மாக்கள் கையெழுத்து வாங்க ஆரம்பிச்சிருக்கோம், சிவன் கோயில் தெருக்காரிதான் முதல் கையெழுத்து, காயல்பட்டினத்து பாய் வீட்ல அவங்க சம்சாரம் போட்டிருக்காங்க, குரல் நடுங்கப் பேசின அந்த அண்ணன் இன்னும் யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்காரு. கரஸ்பாண்டெண்ட் சிஸ்டருக்கு ஒண்ணு, மறைமாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு காப்பி. அடுத்த மீட்டிங் நோட்டீஸ்ல ஜெபம்னு ஒரு வரி போடுறப்போ அதுக்கு முன்னாடி அட்மிஷன்னு ஒரு வரி போடணும்னு கேட்டிருக்கோம். இந்தக் கடிதத்தைப் படிக்கிற மத்த ஊர்ப் பெத்தவங்க, உங்க பிள்ளை வகுப்புல யாரெல்லாம் இருக்காங்க, யாரு இல்லன்னு இந்த வாரம் உங்க பிள்ளைகிட்ட கேட்டுப் பாருங்க, கேட்டுட்டு உங்க ஸ்கூலுக்கும் ஒரு லெட்டர் எழுதுங்க.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் மாணவி, இந்நாள் மாணவியின் அம்மா,
தூத்துக்குடி.